இனியா தூங்கும் பலகைக்கு அடியில் ஒரு பம்பு

தம்பி,

நம் சொசைட்டித் தமிழ்க்காரர்கள் இந்த வருடம் பொங்கலுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். மூன்றாம் மாடி சார் வீடு வீடாக ஏறி இறங்கி, கட்டுரையோ கவிதையோ ஏதாவது எழுதித் தரச்சொல்லிக் கேட்டார். பத்தாவதும் ஐடிஐயும் படித்தவனிடம் கவிதை கேட்கிற தைரியம் அவருக்கு. என் பையனுக்கு ஒரு கடிதம் வேண்டுமானால் தருகிறேன் என்றேன். அவனுக்குத் தமிழ் படிக்க வருமா என்று கேட்டார். வராது என்றேன். சிரித்துவிட்டு, சரி, நாங்களாவது படிக்கிறோம் என்று சொல்லிப் போனார். அதனால் இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் இந்தத் துவாரகா பேட்டை முழுக்கப் படித்திருக்கும். பரவாயில்லை. நான் செய்த கூத்தில் பாதியை அவர்கள் பார்க்கிங்கில் நின்று நேரிலேயே பார்த்தவர்கள்தான்.

உனக்குத் தமிழ் படிக்க வராததும் என் கைங்கரியம். மோதி பாகில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. நம் குவார்ட்டர்ஸிலிருந்து ஒரே பஸ். இங்கிலீஷ் மீடியத்தில் போட்டால்தான் நீ ஆபீசர் ஆவாய் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். நீ ஆபீசரும் ஆகவில்லை, கடைப் பலகையைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாய். ஆகவே இதை உன் வீட்டுக்காரி கயல்தான் உனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். கயல், அம்மாடி, உன் மதுரை வேகத்தில் வாசிக்காதே, அவனுக்குப் பிடிபடாது. மாமாவின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எந்த இடத்தையும் தாண்டிப் போகவும் வேண்டாம். முக்கியமாக, நடுவில் ஓர் இடம் வரும். அதைத் தாண்டாதே.

பம்பு எரிந்த கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நீ அந்தப் பழைய பள்ளிக்கூட வேனை வாங்கி வந்து, சீட்டுகளைக் கழற்றிவிட்டுக் கட்டில், அடுப்பு, கழுவுகிற தொட்டி, டேங்க் எல்லாம் வைத்து ஒரு வீடாக மாற்றியபோது, பைத்தியக்காரத்தனம் என்று சொன்ன முதல் ஆள் நான். அதே வண்டியை அக்கம்பக்கத்துக்குச் சுற்றிக் காட்டிப் பெருமை அடித்த முதல் ஆளும் நான்தான். அன்று நீ வீட்டுக்குள் கம்ப்யூட்டர் முன்னால் மீட்டிங்கில் இருந்தாய். நான் சாவியை எடுத்துக்கொண்டு, காலை நடைக்கு வரும் கூட்டத்தை வண்டிக்குள் ஏற்றினேன். எதிர் பிளாக் பஞ்சாபிக்காரர், இதில் தண்ணீரும் வருமா என்று ஹிந்தியில் கேட்டார். அவ்வளவுதான். குழாயைத் திறந்து காட்டினேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் திறந்து காட்டினேன். டேங்க் காலியானது தெரியவில்லை. யாரோ டீக்குக் கூப்பிட்டார்கள், குழாயை மூடாமல், சுவிட்சை அணைக்காமல் போய்விட்டேன். மதியம் வந்து கதவைத் திறந்தால் கருகிய நாற்றம்.

முப்பத்திரண்டு வருடம் அரசாங்கப் பம்ப் ஹவுஸில் ஆபரேட்டராக இருந்தவன் நான். தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட்டாதே என்று இரண்டு மொழியில் எழுதிய பலகை அத்தனை வருடமும் என் தலைக்கு மேலேயே தொங்கியது. அந்த ஆள் ஒரு பப்பாளிப்பழம் அளவுள்ள பம்பை எரித்துவிட்டான். நீ வந்து மோந்து பார்த்தாய். திட்டுவாய் என்று நினைத்து நான் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். நீ சொன்னது இவ்வளவுதான்: "சோடோப்பா, விடுங்க. புதுசு வாங்கி நீங்களே போட்டுடுங்க. சத்தம் மட்டும் வராம பாத்துக்குங்க, பாப்பா மேலதான் தூங்குவா."

எரித்தவன் கையிலேயே புதியதையும் கொடுத்தாய். பக்கத்து ஊரான குர்காவில் வண்டியைச் செய்து கொடுத்த மெக்கானிக் இருந்தான், ஒரு போன் போட்டால் வந்திருப்பான். நீ போடவில்லை. அதற்கு நான் அப்போது நன்றி சொல்லவில்லை, 'பாக்கலாம், பாக்கலாம்' என்று முறைப்பாகச் சொல்லிக்கொண்டு மாடிக்கு ஏறிவிட்டேன். இப்போது சொல்கிறேன். அன்று நீ என்னைத் திட்டியிருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன்.

அந்த நாட்கள் எப்படி இருந்தன என்று மலர் படிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தீபாவளி முடிந்து, ஜன்னலைத் திறந்தால் எதிர் பிளாக் தெரியாத தலைநகரத்துப் புகை. நம் பாப்பா இனியாவுக்கு ஒன்பது மாதம். மூச்சு விட்டால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு இழுப்பு. முகத்தில் அந்த மருந்துப் புகை மூடியை வைத்தால் அவள் அழுகிற அழுகைக்கு உன் அம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். குளிர்காலம் முடிகிற வரைக்கும் பிள்ளையை இந்தக் காற்றில் வைக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மதுரையில் கயலின் அண்ணன் வீட்டில் ஏற்கெனவே ஆறு பேர். அவர்கள் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு அதிலேயே இருந்துவிடலாம், போகிற வழியிலும் நிதானமாகத் தங்கித் தங்கிப் போகலாம், உன் வேலையை எங்கிருந்தும் பார்க்கலாம். எல்லாம் சரியான கணக்கு. ஹோலிக்குத் திரும்பி வருவதாகச் சொன்னாய்.

நான் வேறொன்றைக் கணக்குப் போட்டேன். இப்போது அவள் என்னைப் பார்த்தால் இரண்டு கையையும் தூக்குகிறாள். நாலு மாதம் கழித்து வந்தால் நடந்து வருவாள், என்னைத் தாண்டி நடந்து போவாள். எனக்கோ போன மாதம்தான் டாக்டர் இரண்டு மாத்திரையை மூன்றாக்கினார். இதையெல்லாம் யாரிடம் சொல்வது? பம்பு வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மெட்ரோவில் ஏறினேன்.

கஷ்மீரி கேட்டில் ஒரு சர்தார்ஜி கடையில் கிடைத்தது. கூடவே நாலு ரப்பர் கால் கொடுத்தார், பம்புக்கு அடியில் வைக்க. "பாவூஜி, ஹல்கா கஸ்னா" என்றார், லேசாக முடுக்கினால் போதுமாம். எனக்குச் சுருக்கென்றது. உங்கள் கடை உயரத்துக்கு இருக்கிற மோட்டாரைக் கான்கிரீட்டில் உட்கார வைத்த ஆள் நான் என்று என் ஹிந்தியில் சொன்னேன். அவர் பெரிய மனிதர், தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளைக் கவனித்தார்.

பம்ப் ஹவுஸில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் இறுக்கு என்பதுதான். அஸ்திவார போல்ட் ஒரு நூல் தளர்ந்தால் மோட்டார் நடக்க ஆரம்பித்துவிடும். ஆகவே அந்தச் சின்னப் பம்பை, கட்டிலுக்கு அடியில் இருக்கிற பிளைவுட்டில் வைத்து, நாலு ஸ்க்ரூவையும் முழங்கை வலிக்க முடுக்கினேன். ரப்பர் கால்கள் அப்பளம் போலத் தட்டையாயின. குழாயையும் நேராக, விறைப்பாக, ஒரு அங்குலம்கூட வீணாகாமல் வெட்டிப் பொருத்தி, பலகையோடு கிளாம்ப் போட்டு இறுக்கினேன். பார்க்க அழகாக இருந்தது. இன்ஸ்பெக்ஷனுக்கு எந்த என்ஜினியர் வந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பார்.

சுவிட்சைப் போட்டுக் குழாயைத் திறந்தேன். வண்டி முழுவதும் கல்யாண மேளத்தை உள்ளே வைத்து வாசித்தது போல அதிர்ந்தது. தொட்டிப் பக்கத்தில் இருந்த ஸ்பூன் குதித்தது. பயணத்துக்கு முன் பழகட்டும் என்று நீங்கள் மேலே கட்டிலில் தூங்கவைத்திருந்த இனியா வீறிட்டாள். இரண்டு நாள் இப்படியே போயிற்று. பால் பாட்டில் கழுவினால் எழுந்தாள், கை கழுவினால் எழுந்தாள். நான் ஒவ்வொரு தடவையும் இன்னும் அரைச் சுற்று இறுக்கினேன். இரண்டாம் நாள் கயல், கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு, பொறுமையாகத்தான் சொன்னாள்: "மாமா, இவ தூங்கலைன்னா நான் இந்த வண்டில வரமாட்டேன். ரயில்ல டிக்கெட் கெடைக்குறப்ப பாத்துக்கலாம்." அந்தச் சமயத்தில் டிக்கெட் கிடைக்க இன்னும் ஒரு மாதம் ஆகும். போன பிறகு தங்குவதற்கு வண்டி இல்லை என்றால் வாடகை வீடு தேட வேண்டும். எப்படியும் தை பிறந்துவிடும். இது எல்லாருக்கும் தெரிந்தது.

இப்போது அந்த இடம் வருகிறது, கயல். நிறுத்தி வாசி.

அன்று சாயங்காலம் நீங்கள் இரண்டு பேரும் மருந்து வாங்கப் போயிருந்தீர்கள். அம்மா இனியாவை வண்டிக் கட்டிலில் போட்டுத் தட்டிக்கொண்டு கூடவே கண்ணசந்துவிட்டாள். குழாயை இன்னும் இறுக்கமாகப் போட வழி இருக்கிறதா என்று பார்க்க நான் பம்பைக் கழற்றினேன். கழற்றிக் கையில் பிடித்திருந்தபோது முழங்கை சுவிட்சில் பட்டுவிட்டது. பம்பு ஓடியது. சத்தமே இல்லை தம்பி. என் உள்ளங்கையில் ஒரு சின்ன நடுக்கம், வயிற்றுக்குள் ஏதோ உறுமுகிற மாதிரி. மேலே இனியா அசையவில்லை. பம்பை மெதுவாகப் பலகையில் அழுத்தினேன், மேளம். தூக்கினேன், நின்றது. மறுபடி அழுத்தினேன், மேளம். சத்தம் போட்டது பம்பு இல்லை, பலகை. அந்தச் சர்தார்ஜி சொன்னதை நான் கேட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கிற வேலை.

முழுசாகப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? பம்பைப் பழைய இடத்திலேயே வைத்து, நாலு ஸ்க்ரூவையும் பழையபடி இறுக்கினேன். தெரியாமல் செய்தது இல்லை. இந்தச் சத்தம் இருக்கும் வரை அவள் இங்கேயே இருப்பாள் என்று தெரிந்து செய்தது. நீ வந்து, "என்னப்பா, ஆச்சா?" என்று கேட்டாய். "பம்புன்னா சத்தம் போடத்தாண்டா செய்யும். பழகிக்கணும்" என்றேன். சரிப்பா என்று குனிந்து செருப்பைக் கழற்றினாய்.

அந்த வாக்கியத்தை நான் உன்னிடம் சொல்வது அது இரண்டாவது தடவை. உனக்கு நினைவு இருந்ததா என்று தெரியாது. எனக்கு, மாடி ஏறி, சோற்றில் கை வைத்த பிறகு நினைவு வந்தது.

லோதி ரோடு பக்கம் நாம் இருந்த குவார்ட்டர்ஸுக்கும் பம்ப் ஹவுஸுக்கும் ஒரே சுவர். காலை நாலரைக்கு மோட்டாரைப் போட்டால் எட்டு மணி வரை ஓடும். அலமாரியில் வைத்த டம்ளர்கள் அதிர்ந்து அதிர்ந்து தானாக நகர்ந்து வந்து விளிம்பில் நிற்கும், கீழே விழுவதற்கு முன் நீ போய்ப் பிடிப்பாய். சின்ன வயதில் அது உனக்கு விளையாட்டு. பன்னிரண்டாவது வந்ததும் விளையாட்டு போய்விட்டது. காலையில் உட்கார்ந்து படிக்க முடியவில்லை, சத்தத்தைக் குறைக்க ஏதாவது செய்ய முடியுமா என்று ஒரே ஒரு முறை கேட்டாய். அப்போதும் இதையேதான் சொன்னேன். எனக்கு அந்தச் சத்தத்தில் ஒரு கர்வம் இருந்தது. அது கேட்டால்தான் மேல்மாடி ஆபீசர்கள் தண்ணீர் வருகிறது என்று நிம்மதியாகப் பல் தேய்ப்பார்கள். கொஞ்சம் நின்றால் போன் வரும். நான் வேலை செய்வது ஊருக்குக் கேட்க வேண்டும் என்று நினைத்த மடையன்.

அதன்பிறகு நீ கேட்கவில்லை. ஒரு நாள் செக்ஷன் ஆபீசர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி, உன் பையன் தினமும் விடியற்காலையில் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கிறானே, எந்த பஸ்ஸிலும் ஏறுவதில்லையே, என்ன விஷயம் என்று கேட்டார். போய்ப் பார்த்தேன். ஜனவரிக் குளிரில் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாப் பெஞ்சில் கால் மடக்கி உட்கார்ந்து கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைக் கூப்பிடவில்லை. மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, மோட்டார் ஓடுகிறதே என்று திரும்பி வந்துவிட்டேன்.

நீ காலேஜுக்குப் போன மறு வருடம் ஒரு புது ஜூனியர் என்ஜினியர் வந்தார், உன்னைவிட நாலைந்து வயது மூத்த பெண். மோட்டாருக்கு அடியில் ரப்பர் மெத்தை வைத்து, குழாயில் ஒரு ரப்பர் இணைப்பு போட வைத்தார். ஒரே நாள் வேலை. மறுநாள் காலையில் டம்ளர்கள் நகரவில்லை. உன் அம்மா அலமாரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், டீ போடப் போனாள். நீ விடுமுறைக்கு வந்தபோது, அட, அமைதியா இருக்கே என்றாய். அத்தோடு விட்டுவிட்டாய். இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டியதில்லை. நான் உன் இடத்தில் இருந்திருந்தால் வருடத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லியிருப்பேன். இந்தக் குணம் உன் அம்மாவிடமிருந்து வந்தது, சந்தேகமே வேண்டாம்.

வண்டிப் பம்பைத் திரும்ப இறுக்கிய அன்றைக்கு மறுநாள் காலை நடைக்கு நான் போகவில்லை. என் ஹவாய் செருப்பில் ஒன்றை எடுத்து நாலு துண்டாக வெட்டினேன். சாப்பாட்டு மேசைக்கு வாங்கி மிச்சமிருந்த ஒரு பலகைத் துண்டில் பம்பை வைத்து, அந்தத் துண்டுக்கு அடியில் செருப்பு ரப்பரை வைத்தேன். ஸ்க்ரூ, பம்பு ஓடிப் போகாமல் பிடிக்க மட்டும், அமுக்க இல்லை. விரல் வைத்து ஆட்டினால் பம்பு கொஞ்சம் ஆடியது. ஆடுகிற பம்பை அப்படியே விட்டுவிட்டு எழுவதற்கு எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று உனக்குத் தெரியாது. மூன்று தடவை ஸ்பேனரை எடுத்தேன், மூன்று தடவை கீழே வைத்தேன். விறைப்பான குழாயை எடுத்துவிட்டு, முன்னாலும் பின்னாலும் ஒன்றரை அடிக்கு வளையும் ஹோஸ் போட்டு ஒரு தொங்கல் விட்டேன். பலகையைத் தொடுகிற இடங்களில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினேன். பார்க்க அசிங்கமாக இருந்தது, கோழி குடல் மாதிரி.

கயல் இனியாவைத் தோளில் போட்டுத் தூங்கவைத்துக் கட்டிலில் கிடத்தினாள். நீ வாசலில் நின்றாய். கீழே அம்மா ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொன்று எங்கே என்று எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கயல் பால் பாட்டிலை எடுத்துக் குழாயைத் திறந்தாள். கழுவினாள். திரும்பி என்னைப் பார்த்து மெல்லக் கேட்டாள்.

"சுவிட்ச் போடலையா மாமா?"

"தண்ணி வருதுல்லம்மா."

அவள் குழாயைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். பிறகு அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு நாளாகத் தூங்காத பெண் உட்கார்ந்த விதத்தை நான் மறக்க மாட்டேன். நீ, "வாஹ்ப்பா, உஸ்தாத்" என்று என் முதுகில் தட்டினாய். உஸ்தாத், கைதேர்ந்த ஆசான் என்ற அந்தப் பட்டத்தை வாங்கிக்கொண்டு, முந்தின நாள் சாயங்காலத்தைப் பற்றி வாயைத் திறக்காமல் இறங்கிவிட்டேன். இதோ, இப்போது திருப்பிக் கொடுக்கிறேன்.

இரண்டு நாளில் கிளம்பினீர்கள். இனியா உன் தோளிலிருந்து இரண்டு கையையும் தூக்கினாள். நான் எடுக்கவில்லை. எடுத்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

அப்பா எழுதும் கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டும் என்று மூன்றாம் மாடி சார் சொல்கிறார். என்னிடம் இருப்பதைச் சொல்கிறேன். குழாய் மூடியிருக்கும்போது பம்பு தானாகத் துடித்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம், தேடிப் பார். மாதம் ஒரு முறை ஸ்க்ரூவில் விரல் வை, ஆனால் முடுக்காதே. கயல் ஒரு விஷயத்தை முதல் தடவை சொல்லும்போதே கேட்டுக்கொள். அவள் இரண்டாம் தடவை சொல்கிற ரகம் இல்லை, நீயும் அப்படித்தான், அதுதான் எனக்குக் கவலை. நாளைக்கு இனியா வளர்ந்து, ஏதோ சத்தமாக இருக்கிறது அப்பா என்று சொன்னால், என்ன வேலை இருந்தாலும் எழுந்து போய்ப் பார். பழகிக்கொள் என்று மட்டும் சொல்லிவிடாதே. அவளும் உன்னை மாதிரி ஒரே ஒரு முறைதான் கேட்பாள்.

போன வாரம் உனக்கு போன் போட்டு, பம்பு இப்போது எப்படி ஓடுகிறது, தளர்ந்திருக்குமோ என்று நச்சரித்தேன். நீ மதுரையிலிருந்து போனில் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினாய். பால்கனியில் உட்கார்ந்து போட்டுக் கேட்டேன். தண்ணீர் பாத்திரத்தில் விழுந்தது, நின்றது. பம்பு கேட்கவில்லை. போன் ரிப்பேர் என்று நினைத்து மறுபடி போட்டேன். உன் அம்மா உள்ளேயிருந்து வந்து, என்ன அது என்று கேட்டு, போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடி முழுவதும் கேட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

"பம்பு கேக்குதா?" என்றேன்.

"யாரு பம்பைக் கேட்டா? புள்ளை பக்கத்துலதான் தூங்குறா. மூச்சு கேளுங்க. இழுப்பே இல்ல."

கேட்டேன், தம்பி. இல்லை.

உன் அப்பா